பின்பக்கத்தில் ஒரு பெயர்

ஜோசெட்டைப் போன வார அத்தியாயத்தில் தீவின் படகுத் துறையில் பெட்டியும் கையுமாக விட்டுவிட்டு வந்தோம். இந்த ஒரு வாரத்தில் பெண் இளைத்துவிட்டாள்.

லாத்ரப் வீட்டில் யாரையும் பட்டினி போடுவதில்லை. ஆனால் வயிறு நிறைவது அங்கே அவ்வளவு கௌரவமான காரியமும் இல்லை. நாலு தலைமுறையாக ரயில் பாதையும் வங்கியும் வைத்திருக்கும் குடும்பம், மெய்ன் கடற்கரையில் ஒரு தீவையே சொந்தமாக வைத்திருக்கும் குடும்பம், காலையில் முந்தாநாள் ரொட்டியைச் சுட்டு அதற்கு வெண்ணெயைக் காட்டிவிட்டு எடுத்துவிடும். குளிருக்கு அடுப்பு மூட்டமாட்டார்கள். ஸ்வெட்டரில் ஓட்டை விழுந்தால் தைத்து, மறுபடி விழுந்தால் மறுபடி தைப்பார்கள். எதையும் தூக்கி எறியமாட்டார்கள். பணம் எப்படிப் பணமாகவே தங்குகிறது என்பது அங்கே ஒரு கோடை இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்.

ஜோசெட்டின் அம்மா தெரேஸ், லூயிஸ்டனில் செருப்புத் தொழிற்சாலையில் தோல் தைத்தவள். ஆலை மூடியதும் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். இடுப்பெலும்பு முறிந்து கிடந்த ஹெரால்ட் லாத்ரப்பை எழுந்து நடக்க வைத்தது அவள்தான். அவர் நடந்த முதல் தூரம் சர்ச்சுக்கு. அது போன கோடை. மனைவியை இழந்தவரும் கணவனை இழந்தவளும் கல்யாணம் பண்ணிக்கொண்டதில் ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. இருந்தாலும் ஊர் இன்னும் பேசி முடிக்கவில்லை.

இன்றைக்கு ஜோசெட்டுக்குப் பதினெட்டு வயது. இன்றைக்கு அவளுக்குக் கல் வைக்கப் போகிறார்கள்.

*

“அந்தப் புது கவுனைக் கழட்டு,” என்றாள் தெரேஸ், அறைக்குள் வந்ததும் வராததுமாக. “கஸ்ஸி அத்தையோட பழைய பேன்ட் கொண்டுவந்திருக்கேன். முட்டியில கிழிஞ்சிருக்கு. ரொம்பப் பொருத்தமா இருக்கும்.”

“பொறந்த நாளைக்குக் கிழிஞ்ச பேன்ட்டா?”

“இங்க புதுசு போட்டா கடைக்காரன் பொண்ணுன்னு நினைப்பாங்க.”

“செருப்பு தைக்கறவ பொண்ணுக்கு அது பதவி உயர்வுதானேம்மா.”

தெரேஸுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து சிரிப்பை அடக்குவது அவளுக்குப் பழகிப்போயிருந்தது.

கல் வைப்பது என்றால் என்னவென்று ஜோசெட்டுக்கு ஒரு வாரமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தீவின் மேட்டில் குடும்பத்துக் கல்லறை வட்டம் இருக்கிறது. லாத்ரப்பாகப் பிறந்தவர்களுக்கும், லாத்ரப்பாக வந்து சேர்ந்தவர்களுக்கும், வயது வந்ததும் அங்கே ஒரு இடம் ஒதுக்கி, பெயரையும் பிறந்த வருடத்தையும் ஒரு கோட்டையும் வெட்டிய கல்லை நட்டுவிடுவார்கள். கோட்டுக்கு அப்புறம் காலி. ஆள் செத்தால் அந்த வாரமே கொத்தன் வந்து வருடத்தை வெட்டிவிட்டுப் போவான். கோடையில் ஒரு நாள் எல்லோரும் மேலே போய், அவரவர் கல்லில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவார்கள். கல் இருக்கிறவர்கள்தான் குடும்பம். மோதிரம், பத்திரம், கையெழுத்து எல்லாம் அதற்குக் கீழேதான்.

“ஜோசெட் லாத்ரப்னு வெட்டியிருக்காங்களாம்,” என்றாள் ஜோசெட், பேன்ட்டுக்குள் காலை விட்டபடி. “பெல்டியேங்கற பேரே இல்லாம. அப்பா பேரு என்ன பாவம் பண்ணுச்சு?”

“கல்லுல இடம் பத்தலைன்னு ஹெரால்ட் சொன்னாரு.”

“தீவுல இடம் பத்துது, கல்லுல பத்தலையாமா.”

“ஜோ, இன்னிக்கு ஒரு நாள். ஹெரால்ட் ‘இது உன் இடமா’ன்னு கேப்பாரு. ‘ஆமா, என் இடம்’னு சொல்லணும். அவ்வளவுதான். நீ மாட்டேன்னு நின்னா நான் இந்த வீட்டுல நர்ஸுதான். சாகற வரைக்கும் நர்ஸுதான்.”

ஜோசெட் அம்மாவைப் பார்த்தாள்.

“ஊர்ல அப்பா கல்லுல உன் பேரும் இருக்கு. அவர் பேருக்குப் பக்கத்துலயே வெட்டி, வருஷம் மட்டும் விட்டு. நீதானே அழுதுக்கிட்டே நின்னு வெட்ட வெச்ச. இங்க மேட்டுலயும் உனக்கு ஒண்ணு நிக்குது. ரெண்டு எடத்துல உனக்காகக் காத்துக்கிட்டிருக்கும்மா. நீ எங்க போகப் போற?”

ஜோசெட் கழற்றிப்போட்ட கவுனைத் தெரேஸ் எடுத்து மடித்தாள்.

“செத்தப்புறம் எங்க கிடந்தா என்னடி. உயிரோட இருக்கறப்பக் கதகதன்னு இருக்கணும். நீ கோட்டைப் போட்டுக்கிட்டே தூங்கின குளிர்காலமெல்லாம் எனக்கு மறக்கலை.”

ஜோசெட்டுக்கும் மறக்கவில்லை. பக்கத்தில் படுத்துக்கொண்டு அம்மா தன் காலுறையையும் கழற்றி அவளுக்கு மாட்டிவிட்டது மறக்கவில்லை. ஆமா என்று சொல்லிவிடுவதாக அந்த நிமிஷமே முடிவு செய்தாள். அப்பாவின் பெயர் போனால் போகட்டும், அம்மாவுக்கு ஒரு இடம் கிடைக்கட்டும்.

*

காலையிலிருந்தே மூடுபனி. மேட்டுக்குப் போகும் பாதையில் முன்னால் போகிறவரின் முதுகு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. எங்கிருந்தோ கலங்கரை விளக்கத்தின் சங்கு ஊதி ஊதி நின்றது.

எல்லோருக்கும் முன்னால் ஹெரால்ட், கைத்தடியோடு. அவர் கையைப் பிடித்துக்கொண்டு தெரேஸ். பின்னால் அவருடைய தங்கை அகஸ்டா, அதாவது கஸ்ஸி அத்தை. கல்யாணம் வேண்டாம், நாய் போதும் என்று இருந்துவிட்டவள், ஒரு கையில் சாண்ட்விச் டப்பா, ஒரு கையில் ஜின் ஊற்றிய பிளாஸ்க். கடைசியில் ஹெரால்டின் மகன் ட்ரிப், அவித்த முட்டைக் கூடையோடு, ஜோசெட்டுக்குத் துணையாக. மூன்றாவது ஹெரால்ட் லாத்ரப் என்ற முழுப்பெயரை யாராலும் கூப்பிட முடியாததால், ‘ட்ரிபிள்’ சுருங்கி ட்ரிப்.

“பயமா இருக்கா?” என்றான்.

“முட்டையைப் பார்த்தாத்தான் பயமா இருக்கு. எப்போ அவிச்சது?”

“கேக்கக் கூடாது. சாப்பிடணும்.” ட்ரிப் சிரித்தான். “என் கல்லை நட்டப்ப எனக்குத் தூக்கமே வரலை. கண்ணை மூடினா மேல ஏதோ கனமா இருக்கற மாதிரியே இருந்துச்சு. அப்புறம் பழகிடுச்சு. நல்ல காத்து வரும், கடல் தெரியும். பாஸ்டன்ல நான் இருக்கற அறையில ஜன்னலே இல்லை.”

“நீ ஒரே பையனா ட்ரிப்?”

“அக்கா இருந்தா. லிடியா. நான் ஹாஸ்டல்ல இருக்கறப்ப போன் வந்துச்சு, கடல்ல மூழ்கிட்டான்னு. உடம்பு கிடைக்கலை.” கூடையைக் கை மாற்றிக்கொண்டான். “மேல அவளுக்குக் கல்லு இல்லை. ஏன்னு ஒரு தடவை கேட்டேன். நீ கேக்காதே.”

கேட்டதற்கு என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை.

மேட்டில் பனி இன்னும் கெட்டி. நடுவில் ஆதி லாத்ரப்பின் உயரமான தூண், அதைச் சுற்றி அவரைப் பார்த்தபடி கற்கள், ஒன்றன்பின் ஒன்றாக வட்டம். ஹெரால்ட் தன் கல்லுக்கு முன்னால் ஸ்வெட்டரை விரித்து உட்கார்ந்து முதுகைச் சாய்த்தார். அவருக்கு இடது பக்கம் முதல் மனைவியின் கல், வருடம் வெட்டியது. வலது பக்கம் தெரேஸின் கல், வெட்டாதது. கஸ்ஸி அத்தை பையிலிருந்து பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை எடுத்துத் தன் பெயரில் வளர்ந்திருந்த பாசியைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“பல்லை இவ்வளவு ஒழுங்காத் தேய்ச்சிருந்தா இந்நேரம் பல்லு இருந்திருக்கும்,” என்றாள் தானாகவே.

ட்ரிப் தன் கல்லின் முன்னால் நீட்டிப் படுத்துப் பார்த்தான். “இன்னும் சரியாத்தான் இருக்கு,” என்று எழுந்து உட்கார்ந்தான். யாரும் சிரிக்கவில்லை, வருடா வருடம் பார்ப்பதுதான் போலிருக்கிறது.

ஜோசெட் வட்டத்துக்கு வெளியே நின்றாள். கல் நட்ட பிறகுதான் உள்ளே வரலாம். நின்ற இடத்திலிருந்தே ஓரத்துக் கல் ஒன்றின் மேலாகக் குனிந்து அதன் முன்பக்கத்தைப் படித்தாள். ஹெரால்டின் அண்ணன் ஒருவர், போரில் கப்பலோடு மூழ்கியவர், உடல் வரவில்லை என்று அதிலேயே வெட்டியிருந்தது. அவருக்கும் கல் இருந்தது, வருடமும் இருந்தது.

ஹெரால்ட் தொண்டையைச் செருமிவிட்டுப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். வட்டத்தில் இருக்கும் வரிசைப்படி, உயிரோடு இருப்பவர், செத்தவர் என்ற பேதம் இல்லாமல். உயிரோடு இருப்பவர்கள் “இருக்கேன்” என்றார்கள். செத்தவர்களின் பெயருக்கு எல்லோரும் பேசாமல் காத்திருந்தார்கள். பதில் சொல்ல ஒரு ஆளுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். பிறகு ஹெரால்ட், பதில் கேட்டுவிட்டவர் மாதிரி லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த பெயருக்குப் போனார்.

“தெரேஸ் லாத்ரப்.”

“இருக்கேன்,” என்றாள் அம்மா.

அந்தக் குரல் ஜோசெட்டுக்குப் பழக்கமான குரலாக இல்லை. ஓடிப்போய் அம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கீழே போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை.

லிடியாவின் பெயரை யாரும் கூப்பிடவில்லை.

*

புதுக் கல் வட்டத்தின் ஓரத்தில் பாய்மரத் துணிக்கடியில் கிடந்தது. துணியை எடுத்தார்கள். ஜோசெட் லாத்ரப், 1968, ஒரு கோடு. எழுத்துக்கள் வெள்ளையாக, மாவு உதிர்கிற மாதிரிப் புதுசாக இருந்தன. மற்றக் கற்களைவிட இது மெலிசாக இருப்பதை ஜோசெட் கவனித்தாள். வந்து ஒட்டியவளுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்திருப்பார்கள், கஞ்சர்கள், என்று நினைத்துக்கொண்டாள்.

நடும் முறை பழசு. குடும்பம் முன்னால் நின்று கயிற்றைப் பிடித்துக் கல்லைத் தூக்கி நிறுத்தும். யாருடைய கல்லோ அவர் பின்னால் மண்டியிட்டு, தன் கையாலேயே அடிப்பக்கத்தைக் குழிக்குள் இறக்க வேண்டும். தன் இடத்தைத் தானே தொட்டு ஏற்றுக்கொள்வதாக அர்த்தம்.

ஜோசெட் பின்னால் போய் மண்டியிட்டாள். கிழிந்த முட்டியில் ஈர மண் பட்டது. ட்ரிப்பும் தெரேஸும் கயிற்றை இழுத்தார்கள். கஸ்ஸி அத்தை பிளாஸ்க்கைக் கீழே வைக்காமலே ஒரு கையால் இழுத்தாள். கல் எழும்பி நின்றது. முன்பக்கம் அவர்களைப் பார்த்து, பின்பக்கம் அவளைப் பார்த்து, முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில்.

பின்பக்கம் கரடுமுரடாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அது இழைத்து வழவழவென்று இருந்தது. அதிலும் எழுத்துக்கள் இருந்தன. பள்ளங்களில் பழைய பாசி காய்ந்து கறுத்திருந்தது.

லிடியா லாத்ரப்
1958 –

கோட்டுக்கு அப்புறம் ஒன்றும் இல்லை.

இந்தக் குடும்பத்துக்கு இரண்டு பிடிவாதங்கள். எதையும் வீணாக்கக் கூடாது. எதையும் மாற்றக் கூடாது. நல்ல கல்லை வீணாக்க மனசு வராமல் திருப்பிப் போட்டு வெட்டினார்கள். வழக்கத்தை மாற்ற மனசு வராமல் ஜோசெட்டைப் பின்னால் உட்கார வைத்தார்கள். இரண்டும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொள்ளும் என்று, அத்தனை படிப்புப் படித்தவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

“பின்னாடி ஒரு பேரு இருக்கு,” என்றாள் ஜோசெட்.

கயிறு கொஞ்சம் தளர்ந்தது.

“சிமெண்ட் பூசச் சொன்னேன்,” என்றாள் கஸ்ஸி அத்தை, அண்ணனிடம். “பின்பக்கத்தை யார் பார்க்கப் போறாங்கன்னு நீதான் சொன்னே.”

“நல்ல கிரானைட்,” என்றார் ஹெரால்ட். அவர் குரல் எப்போதும்போல மென்மையாக இருந்தது. “இந்த மாதிரிக் கல்லு இப்ப வெட்டறதே இல்லை. இன்னும் ஒரு தடவை இழைச்சாலும் தாங்கும்.”

ட்ரிப் கயிற்றை விட்டுவிட்டான். சுற்றி வந்து ஜோசெட்டுக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தான். எழுத்தின் மேல் விரலை வைத்து, கோடு முடிகிற இடத்தில் நிறுத்தினான்.

“வருஷம் வெட்டலையே,” என்றான்.

“ட்ரிப், வந்து உட்காரு. ரொட்டி காயுது,” என்றார் ஹெரால்ட்.

“கப்பல்ல போன பெரியப்பாவுக்கே வெட்டியிருக்கு. செத்தவங்க யாருக்கும் நீங்க வெட்டாம விட்டதே இல்லை. அப்போ அவ சாகலை.” அவன் குரல் சின்னப் பையன் குரல் மாதிரி ஆகிவிட்டது. “அவ சாகலையாப்பா? நான் ஹாஸ்டல்ல பாத்ரூமைப் பூட்டிக்கிட்டு அழுதேன். என்கிட்ட எதுக்குச் செத்துட்டான்னு சொன்னீங்க?”

ஹெரால்ட் கைத்தடியை ஊன்றி எழுந்து, கல்லுக்கு முன்னால் வந்து நின்றார். கல்லுக்கு மேலாக ஜோசெட்டைப் பார்த்துச் சிரித்தார். அன்பான சிரிப்புதான். அதுதான் பயமாக இருந்தது.

“ஜோசெட், இது உன் இடமா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். தெரேஸின் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. ஆமா என்று சொல்லு. சொல்லிவிடு.

காலையில் எடுத்த முடிவு அப்படியே இருந்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தாள். ஆனால் கல்லைத் தாங்கியிருந்த கை இன்னும் அந்தப் பெயரின் மேல் இருந்தது. எங்கேயோ ஒருத்தி உயிரோடு நடமாடிக்கொண்டிருக்கிறாள், தன் பெயரை மண்ணுக்குள் குப்புறக் கவிழ்த்துவிட்டார்கள் என்று தெரியாமல்.

“இல்லை,” என்றாள் ஜோசெட். “இது லிடியாவோட இடம். எனக்கு வேண்டாம்.”

“சரி,” என்றார் ஹெரால்ட். கல்லின் மேல் கையை வைத்து மெதுவாக ஒரு தள்ளு தள்ளினார். அது ஈரப் புல்லில் சாய்ந்து விழுந்தது. துணியை இழுத்து மூடிவிட்டுத் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு மற்றவர்களும், ட்ரிப்கூட, பழக்கத்தில் அவரவர் கல்லில் போய்ச் சாய்ந்தார்கள், சாப்பாடு ஆரம்பமானது.

சாண்ட்விச் டப்பா வட்டமாகக் கை மாறியது. கஸ்ஸி அத்தை வடக்குப் பக்கத்துக் கூரை ஒழுகுவதைப் பற்றிப் பேசினாள். ஹெரால்ட் தச்சனைக் கூப்பிட வேண்டும் என்றார். ஜோசெட் எழுந்து நின்றாள். யாரும் திரும்பவில்லை. “நான் சொல்றது கேக்குதா?” என்றாள். கூரையைப் பற்றிய பேச்சு தொடர்ந்தது. ஹெரால்டின் பார்வை அவள் நின்ற இடத்தின் வழியாகப் போய்ப் பனியில் நின்றது. கோபம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அங்கே யாருமே இல்லாதது மாதிரி இருந்தது.

லிடியா எப்படி மூழ்கினாள் என்று ஜோசெட்டுக்குப் புரிந்தது. இப்படித்தான், ஒரு மதியச் சாப்பாட்டில், எல்லோரும் பார்க்காமல் இருக்க.

“அம்மா,” என்றாள்.

தெரேஸின் கையில் உரித்த முட்டை. அது அப்படியே நின்றது.

“தெரேஸ், உப்பு,” என்றார் ஹெரால்ட் இதமாக.

தெரேஸ் உப்பை எடுத்துக் கொடுத்தாள்.

ஜோசெட்டுக்கு அழுகை வந்தது. அம்மாவின் மேல் கோபம் வரவில்லை, அதுதான் அதிகமாக வலித்தது. திரும்பிப் பாதையை நோக்கி நடந்தாள். பின்னால் புல் சரசரத்தது. ட்ரிப் தன் கல்லை விட்டு எழுந்து வந்துகொண்டிருந்தான். ஹெரால்ட் சாப்பிட்டு எழுவதற்கு முன்னால் அந்த வட்டத்தில் யாரும் எழுந்ததில்லை.

“நீ எனக்குத் தெரியற,” என்றான் அவளிடம். “படகுச் சாவி என்கிட்ட இருக்கு. நட.”

அவன் கஸ்ஸி அத்தையைத் தாண்டும்போது, அவள் தலையைத் தூக்காமல், ஜின் கோப்பைக்குள் பேசுகிறவள் மாதிரி, “ஹாலிஃபாக்ஸ்,” என்றாள். ஒரே ஒரு ஊர்ப் பெயர். ட்ரிப் ஒரு நொடி நின்றான். அத்தை சாண்ட்விச்சைக் கடித்தாள்.

“கஸ்,” என்றார் ஹெரால்ட், “நாளைக்குக் கொத்தனை வரச் சொல்லு. ரெண்டு கல்லை எடுக்கணும்.”

தெரேஸ் முட்டையைக் கீழே வைத்தாள். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தன் கல்லின் முதுகைத் தடவினாள். மேலிருந்து கீழே வரைக்கும், மெதுவாக. சொரசொரவென்று உளி படாமல் இருந்தது. அவளுடைய கல் அவளுக்கென்றே வெட்டின புதுக் கல்தான். அதை அவள் நன்றாகத் தெரிந்துகொண்டாள்.

பிறகு மடியில் இருந்த ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

“மூணு,” என்றாள்.